கரைதான் பாதி வலை

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு என் மருமகன் வந்து நின்றான். கையில் புத்தம் புதுத் தூண்டில் ராடு. தோள்பையில் ரீல், ஈயக் குண்டு, முள், தங்கூசி நரம்பு. மதுரையில் வளர்ந்த பிள்ளை. திருவனந்தபுரம் கழக்கூட்டத்து டெக்னோபார்க்கில் வேலை கிடைத்து வந்து எட்டு மாதம் ஆகிறது. “கடல் இங்கருந்து கிட்டத்தானே மாமா? கரையில நின்னு எவ்வளவு தூரம் வீசுனா மீன் மாட்டும்?” என்று கேட்டான்.

நான் குளச்சல் பக்கத்தில் பிறந்தவன். இங்கே குடியேறி இருபது வருடமாகிறது. கடலில் போய்ப் பிழைத்தவன் இல்லை. போய் வந்தவர்களிடம் கேட்டும், கேட்டால் தட்டாமல் கயிற்று நுனியைக் கொடுத்தவர்களோடு சேர்ந்து இழுத்தும் கொஞ்சம் தெரிந்துகொண்டவன். “ராட சுவத்துல சாத்து மக்கா. சாயா குடிப்போம். மீன் எங்க நிக்கும்னு தெரியாம தூரத்தப் பேசி என்ன செய்ய?” என்றேன். சாயாக்கடை மேசையில் அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இடம். கழக்கூட்டம் சந்திப்பிலிருந்து மேற்கே சில கிலோமீட்டர் போனால் பார்வதி புத்தனாறு குறுக்கிடும். திருவிதாங்கூரை ஆண்ட கௌரி பார்வதி பாய் ராணி காலத்தில் வெட்டிய கால்வாய் அது. வேளிக் காயலையும் கடினங்குளம் காயலையும் இணைக்கிறது. அதைத் தாண்டினால் செயின்ட் ஆன்ட்ரூஸ் கடற்கரை. தெற்கே பள்ளித்துறை, தும்பா. 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பியது அந்த மீனவர் கரையிலிருந்துதான். வடக்கே மரியநாடு, புதுக்குறிச்சி, பெருமாதுறை, பிறகு முதலப்பொழி. இன்னும் தெற்கே போனால் கோவளத்துப் பாறை முனைகள், வடக்கே போனால் வர்க்கலையின் செம்புரைக்கல் குன்று. நடுவில் கிடப்பது கோடு போட்டது போல நீளும் மணல். கரையிலிருந்து மீன் பிடிப்பதைப் பற்றிய எல்லாமே இந்த மணலில்தான் தொடங்குகிறது.

கரையில் நின்று பார்த்தால் கடல் ஒரே தட்டாகத் தெரியும். அடியில் அப்படி இல்லை. நான் தோளில் கிடந்த துண்டை மேசையில் போட்டு, விரலால் இரண்டு மடிப்பு எழுப்பினேன். மடிப்புகள் மணல் திட்டு. மடிப்புக்கும் மடிப்புக்கும் நடுவில் பள்ளம். கரைக்கு இணையாக இப்படித்தான் திட்டும் பள்ளமும் மாறி மாறிக் கிடக்கும். தண்ணீருக்கு அடியில் இருப்பதை எப்படிப் பார்ப்பது? அலையே காட்டிக்கொடுக்கும். தன் உயரத்தைப்போல ஏறக்குறைய ஒன்றே கால் மடங்கு ஆழம் வரும்போது அலை உடைகிறது. ஆகவே வெள்ளை நுரை எழும் வரி மணல் திட்டு. அதற்கும் கரைக்கும் இடையில் அலை உடையாமல் கறுத்துக் கிடக்கும் பட்டை பள்ளம். திட்டில் மோதும் அலை மணலைக் கிளறும். மணலுக்குள் புதைந்திருந்த சிறு நண்டும் புழுவும் வெளியே வரும். அதைத் தின்ன மீன் பள்ளத்தின் வழியாக நடமாடும். பல நேரம் அந்தப் பள்ளம் கரையிலிருந்து இருபது முப்பது மீட்டரிலேயே இருக்கும். புதிதாக ராடு வாங்குபவர்கள் முழு பலத்தோடு வீசி, மீன் நிற்கும் இடத்தைத் தாண்டித் திட்டின் மேல் இரையைப் போடுவது இது தெரியாததால்தான்.

விடிந்தும் விடியாத நேரமும் அந்தி மயங்கும் நேரமும் நல்லவை. சிறு மீன் கரையோரம் ஒதுங்கும், பெரியது அதைத் தேடி வரும். இறால் துண்டோ மத்தித் துண்டோ போதும். வீசியபின் தங்கூசி தொய்யாமல் மெல்ல இழுத்து வைத்துக்கொள்ள வேண்டும். தொய்ந்தால் மீன் கடிப்பது கைக்குத் தெரியாது. ராடு இல்லாதவர்கள் ஈயக் குண்டைத் தலைக்கு மேல் சுழற்றிக் கைத்தூண்டில் வீசுவார்கள். பொழிமுகத்தில், காயலும் கடலும் கலக்குமிடத்தில், முழங்கால் தண்ணீரில் நின்று வீச்சுவலை எறிபவர்களைப் பார்க்கலாம். வட்ட வலை, விளிம்பு முழுக்கக் குண்டு கோத்திருக்கும், எறியும்போது குடையாக விரிந்து விழுந்து, மடவைக் கூட்டத்தை மூடிக்கொள்ளும். அடுத்தது ஓதம். பிரிட்டனின் பிரிஸ்டல் கால்வாயில் அது பத்து மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். அங்கே தூண்டில்காரர்கள் ஓத அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டுதான் கரைக்குப் போவார்கள். திருவனந்தபுரத்தில் ஒரு மீட்டருக்கும் குறைவு. இங்கே கரையின் உருவத்தை மாற்றுவது பருவம்தான். ஜூன் முதல் ஆகஸ்டு வரை கச்சான் காற்றோடு வரும் பெரிய அலை மணலை அள்ளிக்கொண்டு போய் வெளியே திட்டாகப் போடும். மழை ஓய்ந்தபின் சிறிய அலைகள் அதே மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்குத் திருப்பித் தரும். போன மாதம் பார்த்த பள்ளம் இந்த மாதம் அங்கே இருக்காது.

இங்கே ஒன்றை அவனிடம் அழுத்திச் சொன்னேன். நுரை வரியில் ஓரிடத்தில் மட்டும் வெள்ளை அறுந்து, தண்ணீர் அமைதியாகவும் கலங்கலாகவும் தெரிந்தால், கரையில் ஏறிய தண்ணீர் அந்த வாய்க்கால் வழியாகத்தான் கடலுக்குத் திரும்பிப் போகிறது. மீனுக்கு அது வழி; மனிதனை வெளியே இழுத்துப் போகவும் அதுவே வழி. அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறியபின் திரும்ப வேண்டும். இன்னொன்று கள்ளக்கடல். கேரளக் கரைக்காரர்கள் வைத்த பெயர். 2012இல் யுனெஸ்கோ அறிவியல் சொல்லாகவே ஏற்றுக்கொண்டது. பல ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே, தென் பெருங்கடலில் அடிக்கும் புயல் எழுப்பும் நீண்ட அலைகள், இங்கே காற்றே இல்லாத நாளில் திருடனைப்போல வந்து கரையேறும். பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில். 2024 மார்ச் 31 அன்று இந்த மாவட்டத்துக் கரை ஊர்களில் புகுந்தது. அதே ஆண்டு மே 6 அன்று குமரி மாவட்டம் கணபதிபுரத்துக் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கொண்டுபோனது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் முன்னெச்சரிக்கை தருகிறது. ராடு எடுக்குமுன் அதைப் பார்ப்பது தூண்டில்காரனின் முதல் வேலை.

“சரி மாமா, இவ்வளவு நீளமான கரையில இந்த ஊர்க்காரங்க எதை வச்சுப் பிடிச்சாங்க?” என்றான். நான் காத்திருந்த கேள்வி அதுதான். இரண்டாவது சாயா சொன்னேன்.

இந்த மணலுக்கென்றே பிறந்த வலை கரமடி. திருவனந்தபுரத்தில் கம்பவலை என்றும் சொல்வார்கள். கம்பா என்பது கயிறு. எங்கள் குமரிக் கரையிலும் கரமடிதான். சோழமண்டலக் கரையில் பெரிய வலை, ஈழத்தில் கரைவலை. மடி என்ற சொல்லைக் கவனித்தால் வலை பாதி புரிந்துவிடும். களத்தில் சிந்திய நெல்லைப் பெண்கள் முந்தானையை மடித்து அள்ளுவார்களே, அந்த மடி. நடுவில் பை, இரண்டு பக்கமும் நீண்ட கைகள், கைகளின் நுனியில் கயிறு. துண்டை நடுவில் தொங்கவிட்டு இரண்டு முனையையும் நானும் அவனும் ஆளுக்கொன்றாகப் பிடித்தோம். தொங்கும் இடம்தான் மடி.

வேலை இப்படி நடக்கும். ஒரு கயிற்றின் நுனியைக் கரையில் சிலர் பிடித்துக்கொள்வார்கள். வலையும் மீதிக் கயிறும் ஏறிய வள்ளம் கடலுக்குள் போகும். முதலில் அலை உடையும் இடத்தைக் கடக்க வேண்டும். இரண்டு பெரிய அலைகளுக்கு நடுவில் கிடைக்கும் இடைவெளியைப் பார்த்துத் தள்ளுவதிலேயே பாதித் திறமை இருக்கிறது. போகப் போகப் பல நூறு மீட்டர் கயிறு இறங்கும். பிறகு வள்ளம் கரைக்கு இணையாகத் திரும்பும். ஒரு கை இறங்கும், மடி இறங்கும், அடுத்த கை இறங்கும். பின் இரண்டாவது கயிற்றை விட்டுக்கொண்டே வள்ளம் சற்றுத் தள்ளி வேறோர் இடத்தில் கரையேறும். கடலில் இப்போது பெரிய பிறை ஒன்று கிடக்கிறது. கரையில் இரண்டு கூட்டம், நடுவில் நீண்ட வெறும் மணல். எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்பதை நீவாடு பார்த்து முடிவுசெய்வார்கள். நீவாடு என்றால் கடலின் ஓட்டம். அது வலையை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். இழுப்பவர்களும் அதற்கேற்ப நகர வேண்டும்.

“கையில கண்ணி பெருசா இருக்கே மாமா, மீன் அது வழியா ஓடிராதா?” என்றான். வலைப் படம் ஒன்றை அதற்குள் போனில் எடுத்திருந்தான். நல்ல கேள்வி. கைகளில் கண்ணி பெரிது. மடியை நெருங்க நெருங்கச் சிறுத்து, மடியில் நெத்திலிகூடத் தப்பாத அளவுக்கு நெருங்கிவிடும். கை மீனைப் பிடிப்பதற்கு இல்லை, ஓட்டுவதற்கு. நகரும் கயிறும், அது கிளப்பும் மணல் கலங்கலும், வலையின் அதிர்வும் மீனை மிரட்டும். மிரண்ட மீன் கண்ணி வழியாக நுழையப் பார்க்காது. கலங்கலிலிருந்து விலகித் தெளிந்த தண்ணீர் பக்கம் ஓடும். அந்தப் பக்கம் இருப்பது மடி. கை முழுக்கச் சிறு கண்ணியாக இருந்தால் தண்ணீர் தடுத்து, நாற்பது பேர் இழுத்தாலும் வலை வராது.

மேல் விளிம்பில் மிதவை, கீழ் விளிம்பில் குண்டு. கீழ் விளிம்பு மணலைத் தொட்டுக்கொண்டே வர வேண்டும். ஒரு முழம் தூக்கினாலும் மீன் அடியில் புகுந்து போய்விடும். பாறையில் சிக்கினால் வலை கிழியும். கரமடி பாறையில்லாத, மெல்லச் சரியும் மணல் அடியைக் கேட்பது அதனால்தான். ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் இழுத்தால் மடி கோணி, வாய் மூடிக்கொள்ளும். அதனால் இரு பக்கத்துக் கூட்டமும் ஒரே தாளத்தில் இழுக்க வேண்டும். அந்தத் தாளத்துக்குப் பிறந்தவைதான் தமிழ்க் கரைகளின் அம்பாப் பாட்டுகள்.

முதலில் நிதானமான இழுப்பு. கயிறு வரவரப் பின்னால் நிற்பவர் அதை வளையமாகச் சுருட்டி அடுக்குவார். கடைசியாக நின்றவர் கயிற்றை விட்டு, தண்ணீர் ஓரம் போய் மறுபடி முன்னால் பிடிப்பார். இப்படி ஒரு கூட்டமே சுழன்றுகொண்டிருக்கும். இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் ஒன்றை நோக்கி ஒன்று நடக்கும். கைகள் கரையைத் தொடும்போது வேகம் கூடும். சிலர் தண்ணீரில் குதித்து, மடியின் வாய்ப்பக்கம் நின்று, தண்ணீரை அடித்துக் கூச்சலிட்டு மீனை உள்ளே விரட்டுவார்கள். இரண்டு மூன்று மணி நேர உழைப்பு அந்தக் கடைசிச் சில நிமிடங்களில்தான் தெரியும். மடி கரையேறும்போது நெத்திலி வெள்ளியாகக் கொட்டும். மத்தி, அயிலை, காரல், வாளை, சிறு பாரை, கணவாய். சில நாள் சொறிமீனும் பிளாஸ்டிக் பையும் மட்டும்.

ஏலம் மணலிலேயே நடக்கும். வலைக்கும் வள்ளத்துக்கும் ஒரு பங்கு, இழுத்தவர்களுக்குப் பங்கு. ஆழ்கடலுக்குப் போக உடம்பில் தெம்பில்லாத முதியவரும், பள்ளி விடுமுறைக்கு வந்த பையனும் கயிற்றில் கை வைத்தால் அவர்களுக்கும் ஒரு பிடி மீன் உண்டு. அலுமினியச் சருவத்தில் மீனை ஏற்றிக்கொண்டு பெண்கள் கழக்கூட்டம் சந்தை வரை வருவார்கள். ஏலத்தில் யார் விலை சொல்வது என்பதும் இந்தக் கரையில் போராடி வென்ற ஒன்று. மரியநாட்டு மீனவர்கள் கூட்டுறவு அமைத்து, வட்டிக்குக் கடன் கொடுத்தவர் கையிலிருந்த விற்பனையைத் தங்கள் கைக்கு எடுத்தார்கள். அந்த வழியில் வந்த சங்கங்கள் சேர்ந்து 1980இல் உருவானதுதான் சிஃப்ஸ் என்னும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு.

ஈழத்தில் கரைவலை இழுக்கும் இடத்துக்குப் பாடு என்று பெயர். இன்னாருடைய பாடு இங்கிருந்து இதுவரை என்று கரையையே அளந்து வைத்திருக்கிறார்கள். வலைக்கு உரிமம் என்றால் அது கரைக்கும் சேர்த்துத்தான். பாடு என்ற சொல்லைச் சொன்னபோது மருமகன் முகத்தில் ஏதோ தெளிந்தது. “அப்போ கரையும் வலையில சேர்த்தியா மாமா?” என்றான். ஆம். ஆழ்கடலில் வளைத்துப் பிடிக்கும் வலை மீனை நான்கு பக்கமும் சுற்ற வேண்டும். கரமடி மூன்று பக்கம்தான் வளைக்கிறது. நான்காவது பக்கம் கரை. வலையின் அடித்தளமும் அதே மணல். வள்ளம் நிற்கும் துறைமுகம், கயிறு காயும் முற்றம், ஏலக்கூடம் எல்லாம் அதுதான். கரைதான் பாதி வலை.

கரமடியின் ஒரு குறையையும் மறைக்கக் கூடாது. சின்னக் கண்ணி மடியில் வளராத குஞ்சும் வந்துவிடும். கேரள அரசு 2015இல் 14 வகை மீனுக்கும், 2017இல் மேலும் 44 வகைக்கும் பிடிக்கத் தக்க குறைந்த அளவை விதித்தது. மத்தி 10 சென்டிமீட்டர், அயிலை 14 சென்டிமீட்டர். அதற்குக் கீழே பிடிக்கக் கூடாது. ஆனால் நெத்திலி முழுக்க வளர்ந்தாலும் விரல் நீளம்தான். ஒரே மடியில் வளர்ந்த நெத்திலியும் வளராத மத்தியும் வரும்போது கண்ணியின் அளவை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. எந்த மாதத்தில் எது குஞ்சு பொரித்துக் கரையோரம் ஒதுங்குகிறது என்று அறிந்து அந்த நாட்களில் வலையை நிறுத்துவதும், மடி தண்ணீரில் இருக்கும்போதே குஞ்சுகளைத் திறந்துவிடுவதும் இழுப்பவர்கள் கையில் இருக்கும் வழி. தூண்டில்காரனுக்கும் இதே அளவு பொருந்தும்.

இப்போது கரமடி இழுக்கும் ஊர்கள் குறைந்துவிட்டன. வெளி இயந்திரம் பொருத்திய படகுகளும் ரிங் சீன் வலைகளும் மீன் கூட்டத்தைக் கரைக்கு வருமுன்பே வளைத்துவிடுகின்றன என்பார்கள் கரைக்காரர்கள். நாற்பது பேருக்குப் பங்கு வைத்தால் ஆளுக்குக் கிடைப்பது கூலிவேலையைவிடக் குறைவு. இவற்றையெல்லாம் தாங்கி நிற்கும் ஊரும் கரை போனால் தாங்காது. மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. அலையின் சரிவுக்கேற்பக் கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. கடலுக்குள் நீட்டிய அலைத்தடுப்புச் சுவர் அந்த ஓட்டத்தை மறித்தால் ஒரு பக்கம் மணல் குவியும், மறுபக்கம் பட்டினி கிடக்கும். முதலப்பொழியில் கண்ணாலேயே பார்க்கலாம்: தெற்கே பெருமாதுறையில் அகன்ற மணல், வடக்கே தாழம்பள்ளி, அஞ்சுதெங்குப் பக்கம் அரிப்பு. பொழிவாயும் மணலால் அடைபட்டுப் படகுகள் கவிழ்ந்து பல உயிர்கள் போயிருக்கின்றன. சங்குமுகத்தில் சாலையையே கடல் தின்றது. வலியதுறையில் 1956இல் கட்டிய கடல்பாலம் 2024இல் இரண்டாகப் பிளந்தது. 2022இல் விழிஞ்ஞத்தில் துறைமுகக் கட்டுமானத்தை எதிர்த்து மீனவர்கள் மாதக்கணக்கில் நடத்திய போராட்டத்தின் நடுவில் இருந்ததும் கரை எங்கே போகிறது என்ற கேள்விதான்.

வீடுகளைக் காக்கக் கருங்கல் கொட்டுகிறார்கள். வீடு இழக்கப்போகிறவரிடம் கல் வேண்டாம் என்று சொல்லும் உரிமை எனக்கில்லை. ஆனால் கல் விழுந்த இடத்தில் கரமடி முடிந்துவிடுகிறது. வலை கல்லில் கிழியும். வள்ளம் ஏற இடமில்லை. இழுப்பவர்கள் நடக்க மணலில்லை. அங்கே இளைஞர்கள் துறைமுகத்துக்குப் போய் வேறு படகில் ஏறிக்கொள்வார்கள். கயிற்றில் கை வைத்துப் பிழைத்த முதியவருக்குத்தான் போக இடமில்லை. கரைக்குக் கெடுதல் கல்லால் மட்டும் வருவதில்லை. 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கியபின், தும்பா, பெருமாதுறைக் கரைகளில் வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கின. மணலோடு கலந்துவிட்ட அவற்றைச் சல்லடை போட்டுச் சலித்துப் பொறுக்கினார்கள். மீன் அவற்றை முட்டை என்று நினைத்துத் தின்னும். நீ அறுந்த தங்கூசியைக் கரையில் விட்டு வந்தால் அதுவும் அந்தக் கணக்கில்தான் சேரும் என்று மருமகனிடம் சொன்னேன்.

சாயா முடிந்தது. ராடைக் கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கரைக்குப் போனோம். கொஞ்சம் வடக்கே ஒரு கரமடி கடலில் கிடந்தது. கைகள் இன்னும் தண்ணீரில். கேட்டதும் கயிற்று நுனியைக் கொடுத்தார்கள். தெற்குக் கூட்டத்தின் கடைசியில் அவன் நின்றான். முதல் கால் மணியில் உள்ளங்கை சிவந்தது. பிறகு தாளம் பிடிபட்டது: இழு, ஓர் அடி பின்னால், ஓர் அடி பக்கவாட்டில். எதிரே பொட்டுப்பொட்டாகத் தெரிந்தவர்கள் மெல்ல மெல்ல ஆட்களானார்கள், முகங்களானார்கள். மடி கரையேறியபோது அவன் தோள் வடக்குக் கூட்டத்து முதியவர் ஒருவரின் தோளோடு இடித்தபடி இருந்தது. உள்ளே இரண்டு கூடை நெத்திலி, கொஞ்சம் காரல்.

கையில் ஒரு பிடி நெத்திலியோடு அவன் வந்த வழியே திரும்பி நடந்தான். காலடிகளை எண்ணுகிறான் என்று சற்றுத் தாமதமாகத்தான் எனக்குத் தெரிந்தது. நாங்கள் கயிற்றை முதலில் பிடித்த இடத்தில் நின்று, “நூத்தி எழுபது அடி மாமா, நம்ம பக்கம் மட்டும்” என்றான். பிறகு தெற்கே தெரிந்த கருங்கல் வரிசையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.